இரும்புக் கிட்டம்

உரைநடைப் பாடம் – அறிவியல் தமிழ்

பாடத்திற்குள் நுழையும் முன்

கலப்பையின் கொழு, கோடரி, அரிவாள், வாள் என இரும்பால் ஆன கருவிகளைப் பற்றிப் பல நூல்கள் பேசுகின்றன. அந்த இரும்பைப் பிரித்தெடுத்த பின் உலையின் ஓரத்தில் எறியப்பட்ட கருங்கட்டியைப் பற்றிப் பேசுவோர் சிலரே. அக்கட்டிக்குத் தமிழில் ‘கிட்டம்’ என்று பெயர். பயனற்றது என்று எறியப்பட்ட கிட்டம் எதனால் ஆனது, எவ்வாறு உண்டாயிற்று, இன்று எதற்குச் சான்றாக நிற்கிறது என்பதை இப்பாடம் விளக்குகிறது.

1. கிட்டத்துள் இருக்கும் கனிமம்

பழைய இரும்புலைகள் இருந்த இடங்களில் கிடைக்கும் கிட்டம் கருமை நிறமுடையது. அதன் மேற்பரப்பு, கொதிக்கும் வெல்லப்பாகு வழிந்து மடிப்பு மடிப்பாக உறைந்தது போன்ற தோற்றம் உடையது. காற்றுக் குமிழிகள் விட்டுச் சென்ற துளைகளும் ஆங்காங்கே துருவின் செம்மையும் அதில் தெரியும். அதே பருமனுள்ள சாதாரணக் கல்லைவிடக் கையில் கனமாக இருக்கும்.

இக்கிட்டத்தை மெல்லிய தகடாகத் தேய்த்து நுண்ணோக்கியில் காணும் ஆய்வாளர், நீண்ட பட்டை வடிவப் படிகங்கள் நிறைந்திருப்பதைக் காண்கின்றனர். அப்படிகங்களே ‘ஃபயலைட்’ என்னும் இரும்புச் சிலிக்கேட் கனிமம். அவற்றின் இடையிடையே இரும்பு ஆக்சைடும் கண்ணாடி போன்ற பொருளும் நிரம்பியிருக்கும்.

இரண்டு இரும்பு அணுக்கள், ஒரு சிலிக்கான் அணு, நான்கு ஆக்சிஜன் அணுக்கள் என்னும் விகிதத்தில் அமைந்தது ஃபயலைட். சிலிக்கான் அணுவைச் சுற்றி நான்கு ஆக்சிஜன் அணுக்கள் நான்முகி வடிவில் நிற்கின்றன. இந்நான்முகிகள் ஒன்றோடொன்று நேரே இணைவதில்லை. அவற்றின் இடையே அமர்ந்த இரும்பு அணுக்களே அவற்றைப் பிணைத்து நிறுத்துகின்றன. எடையளவில் நோக்கினால் 100 கிராம் ஃபயலைட்டில் ஏறத்தாழ 55 கிராம் இரும்பு ஆகும். இரும்பை எடுத்தபின் எஞ்சிய கழிவு என்று கருதப்படும் பொருளின் முதன்மைக் கனிமத்திலேயே பாதிக்கு மேல் இரும்பு அடங்கியிருக்கிறது. இது ஏன் என்னும் வினாவுக்கான விடையை இப்பாடத்தின் 5ஆம் பகுதியில் காணலாம்.

2. ஃபயலைட்டின் பண்புகள்

ஆலிவின் என்னும் கனிமக் குடும்பத்தின் இரு முனைகளில் ஒன்று ஃபயலைட்; மற்றொன்று ஃபோர்ஸ்டரைட். இரண்டின் உள்ளமைப்பும் ஒன்றே. ஃபயலைட்டில் இரும்பு அமரும் இடங்களில் ஃபோர்ஸ்டரைட்டில் மெக்னீசியம் அமர்ந்திருக்கும். இயற்கையில் கிடைக்கும் ஆலிவின் பெரும்பாலும் இவ்விரண்டின் கலப்பாகவே இருக்கும். அணிகலன்களில் பதிக்கப்படும் ‘பெரிடாட்’ என்னும் பசுமணி, மெக்னீசியம் மிகுந்த ஆலிவினே.

அமர்ந்த தனிமம் மாறியதால் பண்புகளும் மாறுகின்றன. ஃபோர்ஸ்டரைட் நீரைப் போல் 3.2 மடங்கு அடர்த்தி உடையது. ஃபயலைட்டின் அடர்த்தி ஏறத்தாழ 4.4 மடங்கு. தூய ஃபோர்ஸ்டரைட் நிறமற்றது. ஃபயலைட் பசுமை கலந்த மஞ்சள், பழுப்பு, கருமை ஆகிய நிறங்களில் காணப்படும். மோஸ் கடினத்தன்மை அளவுகோலில் ஃபயலைட்டின் மதிப்பு 6.5 முதல் 7 வரை. ஆகவே அது சன்னல் கண்ணாடியில் கீறல் உண்டாக்கும்.

இவ்வேறுபாடுகளுள் தலையாயது உருகுநிலை. ஃபோர்ஸ்டரைட் உருக ஏறத்தாழ 1890 டிகிரி செல்சியஸ் வெப்பம் வேண்டும். ஃபயலைட்டோ ஏறத்தாழ 1205 டிகிரியிலேயே உருகிவிடும். பூமிக்கடியில் ஃபயலைட் தோன்றும் முறையும், உலையில் அது ஆற்றும் பணியும் இந்த ஒரு பண்பையே சார்ந்துள்ளன.

3. பெயர் வந்த வழி

அட்லாண்டிக் பெருங்கடலில் போர்ச்சுகல் நாட்டுக்கு உரிய அசோர்ஸ் தீவுக்கூட்டம் உள்ளது. அத்தீவுகளுள் ஒன்றின் பெயர் ஃபயால். எரிமலைப் பாறைகள் நிறைந்த அத்தீவில் கிடைத்த கருங்கட்டி ஒன்றிலிருந்து இக்கனிமம் ஆராயப்பட்டது. 1840இல் ஜெர்மானிய வேதியியலாளர் கிமேலின், தீவின் பெயரையொட்டி அதற்கு ஃபயலைட் என்று பெயரிட்டார்.

அக்கட்டி ஃபயால் தீவின் எரிமலைப் பாறையே அன்று என்பது பின்வந்த கனிமவியலாளர் பலரின் கருத்து. பாய்மரக் கப்பல்கள் சரக்கின்றிச் செல்லும்போது காற்றில் கவிழாமல் இருக்க அவற்றின் அடித்தளத்தில் கனமான கற்களை இடுவது வழக்கம். அவ்வாறு கப்பலில் வந்து கரையில் கொட்டப்பட்ட உலைக் கிட்டமாகவே அது இருந்திருக்கலாம் என்று அவர்கள் கருதுகின்றனர். உலையில் உண்டானதையும் எரிமலையில் உண்டானதையும் வேறுபடுத்திக் காண்பது அத்துணை அரிதாக இருந்தது. இரண்டு இடங்களிலும் உருவாகும் கனிமம் ஒன்றே என்பதே அதற்குக் காரணம்.

4. பூமியில் தோன்றும் முறை

பாறைக் குழம்பு ஒரே நேரத்தில் முழுவதும் உறைந்துவிடுவதில்லை. குளிரத் தொடங்கியதும் உயர்ந்த உருகுநிலை உடைய கனிமங்கள் முதலில் படிகமாகின்றன. மெக்னீசியம் மிகுந்த ஆலிவின் அவ்வாறு முந்திப் பிரிந்துவிடும். மெக்னீசியம் குறையக் குறைய, எஞ்சிய குழம்பில் இரும்பின் பங்கு பெருகும். இறுதிக் கட்டத்தில் உறையும் ஆலிவினில் ஃபயலைட்டின் அளவு மிகும். கிரீன்லாந்தின் கிழக்குக் கரையில் உள்ள ஸ்கேர்கார்ட் என்னும் பாறைத்தொகுதி இதற்குப் புகழ்பெற்ற எடுத்துக்காட்டு. அதன் கீழ் அடுக்குகளில் மெக்னீசியம் மிகுந்த ஆலிவினும், மேல் அடுக்குகளில் இரும்பு மிகுந்த ஆலிவினும் காணப்படுகின்றன.

அமெரிக்காவின் எல்லோஸ்டோன் பூங்காவில் ஆப்சிடியன் என்னும் எரிமலைக் கண்ணாடியால் ஆன பாறைமுகடு உள்ளது. அக்கண்ணாடியின் உட்குழிகளில் சிறு சிறு ஃபயலைட் படிகங்கள் வளர்ந்துள்ளன. பழங்காலத்தில் கடலடியில் படிந்த இரும்புப் படிவுகள் பூமிக்குள் புதைந்து கடும் வெப்பத்துக்கு உள்ளாகும்போதும் ஃபயலைட் தோன்றும்.

எவ்வழியில் தோன்றினாலும் ஒரு நிபந்தனை பொது. ஆக்சிஜன் மிகுந்த சூழலில் ஃபயலைட் நிலைத்திராது. ஆக்சிஜன் கூடினால் அது சிதைந்து, மாக்னடைட் என்னும் இரும்பு ஆக்சைடாகவும் குவார்ட்ஸாகவும் பிரிந்துவிடும். ஆகவே, ஒரு பாறையில் ஃபயலைட் இருப்பது அப்பாறை தோன்றிய இடத்தில் ஆக்சிஜன் குறைவாக இருந்ததற்கு அறிகுறி. பாறைகளின் ஆக்சிஜன் நிலையை அளக்கும் கோல்களுள் ஒன்றாகவே புவியியலாளர் இம்மாற்றத்தைப் பயன்படுத்துகின்றனர்.

5. உலையில் தோன்றும் முறை

மிகுந்த வெப்பமும் குறைந்த ஆக்சிஜனும் சேர்ந்த சூழல், மரக்கரி இட்ட இரும்புலைக்குள்ளும் உண்டு. களிமண் உலையில் மரக்கரியும் இரும்புத் தாதுவும் மாறி மாறி இடப்படும். துருத்தியால் காற்று ஊதும்போது கரி எரிந்து கார்பன் மோனாக்சைடு என்னும் வளி உண்டாகும். அவ்வளி, தாதுவில் இரும்போடு இணைந்திருக்கும் ஆக்சிஜனைப் படிப்படியாகக் கவர்ந்துகொள்ளும். முடிவில் இரும்பு தனித்து நிற்கும்.

இங்கே ஓர் இடர் எழுகிறது. தாது தூய இரும்பு ஆக்சைடு அன்று. அதில் மணலாகவும் குவார்ட்ஸாகவும் சிலிக்கா கலந்திருக்கும். அக்கல்லைப் பிரிக்காவிட்டால் கிடைக்கும் இரும்பு கல்லும் உலோகமும் கலந்த கட்டியாகவே இருக்கும். சிலிக்கா உருக 1700 டிகிரிக்கும் மேற்பட்ட வெப்பம் வேண்டும். இரும்பு உருக 1538 டிகிரி வேண்டும். தோல் துருத்தி ஊதும் சிற்றுலையின் பெரும்பகுதி 1200 டிகிரியை ஒட்டியே நிற்கும். கல்லும் உருகாது, இரும்பும் உருகாது என்றால் இரண்டையும் பிரிப்பது எவ்வாறு?

இவ்விடத்தில்தான் ஃபயலைட் துணை வருகிறது. முழுவதும் இரும்பாக மாறாத இரும்பு ஆக்சைடின் ஒரு பகுதி சிலிக்காவோடு கூடுகிறது. தனித்தனியே அவ்வெப்பத்தில் உருகாத இவ்விரண்டும் கூடியவுடன் 1200 டிகிரியை ஒட்டிய வெப்பத்திலேயே இளகி ஓடுகின்றன. ஓடும் குழம்பு உலையின் அடியில் உள்ள துளை வழியே வெளியேறி மண்ணில் உறைகிறது. அதுவே கிட்டம். உருகாத இரும்பு, கடற்பஞ்சு போன்ற திரளாக உலைக்குள் தங்குகிறது. அத்திரளைச் சூட்டோடு எடுத்துச் சம்மட்டியால் அடித்தால், அதன் துளைகளில் தேங்கிய எஞ்சிய கிட்டமும் பிதுங்கி வெளியேறும்.

கிட்டத்தில் பாதிக்கு மேல் இரும்பு இருப்பது ஏன் என்னும் வினாவுக்கு இப்போது விடை கிடைக்கிறது. அது கவனக்குறைவால் நேர்ந்த இழப்பு அன்று. தாதுவில் உள்ள இரும்பின் ஒரு பங்கைக் கல்லுக்குக் கொடுத்தால்தான் கல் உருகி விலகும்; மற்றொரு பங்கு இரும்பு கைக்குக் கிடைக்கும். சிற்றுலையின் வெப்பத்தில் வேறு வழி இல்லை.

பிற்கால ஊதுலைகளில் இப்பணியைச் சுண்ணாம்புக்கல் ஏற்றுக்கொண்டது. சுண்ணாம்பு சிலிக்காவோடு கூடிக் கால்சியம் சிலிக்கேட் கிட்டமாகிறது. அதனால் இரும்பு வீணாவதில்லை. ஆனால் அக்கிட்டம் இளகி ஓட மிகுந்த வெப்பம் வேண்டும். அவ்வெப்பத்திற்கு உயர்ந்த உலையும் வலிய காற்றும் வேண்டும். அங்கே இரும்பு கரியை மிகுதியாக உறிஞ்சி வார்ப்பிரும்பாக உருகி ஓடும். வார்ப்பிரும்பு நொறுங்கும் இயல்புடையது. அதை மேலும் தூய்மை செய்த பின்னரே அடித்து வளைக்க முடியும். சிற்றுலையின் இரும்போ, கொல்லர் உடனே அடித்துக் கருவி செய்வதற்கு ஏற்றது.

6. அகரியா மக்கள்

இச்சிற்றுலைத் தொழிலை வழிவழியாகச் செய்து வந்தோருள் அகரியா மக்களும் அடங்குவர். மத்தியப் பிரதேசம், சத்தீஸ்கர், உத்தரப் பிரதேசத்தின் தென்கிழக்குப் பகுதி, ஜார்க்கண்ட் ஆகிய இடங்களில் அவர்கள் வாழ்கின்றனர். ஆள் உயரத்திற்கும் குறைந்த களிமண் உலையை அவர்களே கட்டினர். காட்டு மரங்களைக் கரியாக்கினர். தோல் போர்த்திய இரு துருத்திகளின் மீது நின்று, கால்களை மாற்றி மாற்றி மிதித்துக் காற்று ஊதினர். வளைத்துக் கட்டிய மூங்கில், மிதிபட்ட துருத்தியை மீண்டும் மேலே தூக்கிவிடும். உலையைக் காக்கும் தெய்வமாக லோகாசூரையும், கரிக்கும் நெருப்புக்கும் உரிய தெய்வங்களையும் அவர்கள் வணங்கினர். அவர்களது வாழ்வை மானிடவியலாளர் வெரியர் எல்வின் 1942இல் ‘தி அகரியா’ என்னும் நூலாக வெளியிட்டார்.

ஆங்கிலேயர் ஆட்சியில் வெளிநாட்டிலிருந்து மலிவான இரும்பு வந்து குவிந்தது. வனச்சட்டங்கள் கரி எடுப்பதற்குத் தடையாயின. உலைகளுக்கு வரி விதிக்கப்பட்டது. 1911இல் இன்றைய ஜாம்ஷெட்பூரில் பெரிய ஊதுலை இயங்கத் தொடங்கியது. சிற்றுலைகள் ஒவ்வொன்றாக அணைந்தன. இரும்பைக் கிட்டத்தில் வீணாக்கும் தொழில் என்னும் குறையும் அவற்றின் மீது சொல்லப்பட்டது. அவ்வீண் போன்ற பங்கே அத்தொழிலின் உயிர்நாடி என்பதை வேதியியல் இன்று விளக்குகிறது. எந்தத் தாது கல் குறைந்தது, எப்போது துளையைத் திறக்க வேண்டும், குழம்பு எந்த நிறத்தில் ஓட வேண்டும் என்பவற்றை அம்மக்கள் ஏட்டில் எழுதி வைக்கவில்லை. கண்ணாலும் கையாலும் கற்று, அடுத்த தலைமுறைக்குக் கற்பித்தனர். தொழில் நின்றபோது அக்கல்வியும் பெரும்பாலும் நின்றது.

7. கிட்டம் தரும் சான்று

மண்ணுள் கிடக்கும் இரும்புக் கருவி துருப்பிடித்து உருவிழக்கும். களிமண் உலை மழையில் கரையும். உறைந்த கிட்டம் நெடுங்காலம் நிலைத்திருக்கும். ஆகவே, இரும்பு உருக்கிய இடத்தைத் தேடும் தொல்லியலாளர் முதலில் தேடுவது கிட்டத்தையே. அதன் படிகங்கள் உலையின் வெப்பத்தையும், அதன் வேதிக்கூறுகள் தாதுவின் இயல்பையும் அறிவிக்கும். அதில் சிக்கிய கரித்துண்டு காலத்தைக் கணிக்க உதவும்.

உத்தரப் பிரதேசத்தின் சந்தௌலி மாவட்டத்தில் உள்ள மல்ஹார் என்னும் ஊரில் உலைகளும் கிட்டமும் கண்டெடுக்கப்பட்டன. அப்பகுதியின் இரும்புத் தொழில், கி.மு. இரண்டாம் ஆயிரமாண்டைச் சார்ந்தது எனக் கரிமக் கணிப்பு காட்டியது. தமிழ்நாட்டில் நொய்யல் ஆற்றங்கரையில் உள்ள கொடுமணலிலும் இரும்புலைகளும் கிட்டமும் அகழாய்வில் வெளிப்பட்டன. தில்லி மெஹ்ரௌலியில் நிற்கும், 7 மீட்டருக்கும் மிகுந்த உயரமும் 6 டன்னுக்கும் மிகுந்த எடையும் உடைய இரும்புத்தூண் சிற்றுலை இரும்புத் திரள்களை அடித்து இணைத்துச் செய்யப்பட்டது. அடித்தும் வெளியேறாத கிட்டத்தின் நுண்துகள்கள் அதனுள் இன்றும் உள்ளன. அது எம்முறையில் உருவான இரும்பு என்பதற்கு அத்துகள்கள் சான்றாகின்றன.

கிட்டக் குவியல்கள் பல இடங்களில் சாலை போடுவதற்கும் பள்ளம் நிரப்புவதற்கும் அள்ளப்படுகின்றன. எழுதப்படாத ஒரு தொழிலின் ஏடு அக்குவியலே. அள்ளிய பின் அதைப் படிக்க இயலாது.

8. செம்பு உலையிலும் ஃபயலைட்

ஃபயலைட்டின் பணி பழங்காலத்தோடு முடிந்துவிடவில்லை. செம்பின் முதன்மைத் தாதுவாகிய சால்கோபைரைட்டில் செம்பு, இரும்பு, கந்தகம் ஆகிய மூன்றும் உள்ளன. செம்பைப் பெற இரும்பை விலக்க வேண்டும். அதற்காக உலையில் சிலிக்கா இடப்படுகிறது. இரும்பு ஆக்சைடு சிலிக்காவோடு கூடி ஃபயலைட் கிட்டமாகப் பிரிந்துவிடும். இரும்புலையில் கல்லை விலக்க இரும்பு செலவானது. செம்புலையில் இரும்பை விலக்கக் கல் செலவாகிறது.

ஒரு டன் செம்புக்கு இரண்டு டன்னுக்கும் மிகுதியான கிட்டம் உண்டாகும். அதைக் கப்பல்களின் துருவை நீக்கும் தூளாகவும், கட்டுமானத்தில் மணலுக்கு மாற்றாகவும் பயன்படுத்துகின்றனர். அதில் எஞ்சிய உலோகங்கள் நீரில் கலவாதவாறு காப்பதும் உலை நடத்துவோரின் கடமை. எறிவதற்கு முன் எறிபொருளை அறிய வேண்டும் என்பது பழைய கிட்டத்திற்கும் புதிய கிட்டத்திற்கும் பொதுவான பாடம்.

சொற்பொருள்

கிட்டம் – உலோகத்தை உருக்கும்போது பிரியும் கழிவு
கசடு – குற்றம், அழுக்கு, அடியில் தங்கும் வண்டல்
துருத்தி – உலைக்குக் காற்று ஊதும் தோற்கருவி
கொழு – ஏரின் நுனியில் பொருத்தும் இரும்பு
சம்மட்டி – கொல்லர் பயன்படுத்தும் பெரிய சுத்தியல்
திரள் – ஒன்றுசேர்ந்த கட்டி
நான்முகி – நான்கு முக்கோண முகங்களை உடைய வடிவம்

சொல்லறிவோம்

கருங்கல் = கருமை + கல் (பண்புத்தொகை)
மரக்கரி = மரம் + கரி
இரும்புலை = இரும்பு + உலை
உருகாத இரும்பு – எதிர்மறைப் பெயரெச்சம்
ஓடும் குழம்பு – பெயரெச்சம்

பயிற்சி

அ. கோடிட்ட இடத்தை நிரப்புக.

1. ஃபயலைட் ________ குடும்பத்தைச் சார்ந்த கனிமம்.
2. ஃபோர்ஸ்டரைட்டில் இரும்புக்கு மாற்றாக அமைந்திருப்பது ________.
3. ஆக்சிஜன் கூடினால் ஃபயலைட் ________ ஆகவும் குவார்ட்ஸாகவும் சிதையும்.
4. பிற்கால ஊதுலையில் சிலிக்காவைப் பிரிக்க இடப்படுவது ________.

ஆ. ஓரிரு தொடர்களில் விடை எழுதுக.

1. ஃபயலைட் என்னும் பெயர் எவ்வாறு வந்தது?
2. கிட்டத்தைச் சாதாரணக் கல்லிலிருந்து எவ்வாறு அடையாளம் காணலாம்?
3. அகரியா மக்களின் துருத்தி எவ்வாறு இயங்கியது?

இ. ஒரு பத்தி அளவில் விடை எழுதுக.

1. ‘கிட்டத்தில் உள்ள இரும்பு இழப்பு அன்று, விலையே.’ இக்கருத்தைப் பாடத்தின் துணையுடன் விளக்குக.
2. இரும்புலையிலும் செம்புலையிலும் ஃபயலைட் ஆற்றும் பணியை ஒப்பிடுக.

ஈ. கணக்கிடுக.

இரும்பின் அணு எடை 56, சிலிக்கானின் அணு எடை 28, ஆக்சிஜனின் அணு எடை 16 எனக் கொள்க. 10 கிலோகிராம் ஃபயலைட்டில் எத்தனை கிலோகிராம் இரும்பு இருக்கும்?

உ. தேடி அறிக.

1. ‘கசடு’ என்னும் சொல் திருக்குறளின் கல்வி அதிகாரத்தில் எப்பொருளில் வந்துள்ளது? வீட்டில் பெரியோரிடம் கேட்டு எழுதுக.
2. நீங்கள் வாழும் மாநில மொழியில் கிட்டத்தை எச்சொல்லால் குறிக்கின்றனர்? அச்சொல்லைத் தமிழ் எழுத்தில் எழுதி, வகுப்பில் பகிர்க.